கிங்டம் ஆஃப் ஹெவன்: கத்தரிக்கோல் கெடுத்தது பாதி, கதாநாயகன் கெடுத்தது மீதி

வெண்திரை வேலன்:

2005-இல் இந்தப் படத்தைத் தியேட்டரில் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது நண்பன் கேட்டான்: "அந்த ராணி எதற்காகத் தலைமுடியை வெட்டிக்கொண்டாள்?" எனக்குத் தெரியவில்லை. கூடப்பிறந்தவன் செத்துப்போன துக்கம் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். போன வாரம்தான் உண்மையான விடை கிடைத்தது. அவளுக்கு ஒரு மகன் இருந்திருக்கிறான். தியேட்டருக்கு வந்த 144 நிமிடப் படத்தில் அந்தப் பையனே இல்லை. இயக்குநர் ரிட்லி ஸ்காட் பிறகு வெளியிட்ட 194 நிமிடப் படத்தில் இருக்கிறான். ஐம்பது நிமிடத்தோடு சேர்த்து ஒரு குழந்தையையும் வெட்டி எறிந்திருக்கிறார்கள்.

படம் பார்க்காதவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டாம், கதை முழுவதையும் பேசப்போகிறேன்.

களம் 1184 முதல் 1187 வரை. ஜெருசலேம் சிலுவைப் போர்க்காரர்கள் கையில் இருக்கிறது. அரசன் நான்காம் பால்ட்வின் தொழுநோயாளி. எல்லைக்கு வெளியே சுல்தான் சலாஹுத்தீன் காத்திருக்கிறார். பிரான்சில் கொல்லனாக இருந்த பேலியன் தன் தந்தையைத் தேடிப் புறப்பட்டு, கடைசியில் ஜெருசலேமின் மதிலைக் காக்கும் பொறுப்புக்கு வந்து சேர்கிறான்.

எனக்குப் பிடித்தவற்றில் முதல் இடம் பால்ட்வினுக்கு. எட்வர்ட் நார்டன் முகத்தைக் காட்டாமல், வெள்ளி முகமூடிக்குப் பின்னாலிருந்து கண்ணாலும் குரலாலும் மட்டுமே நடித்திருக்கிறார். கெராக் கோட்டைக்கு முன்னால் குதிரைமேல் வந்து சலாஹுத்தீனைச் சந்திக்கும் காட்சியில் இரண்டு படைகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. பேச்சோ மிகக் குறைவு. திரும்பிப் போகும்போது சுல்தான், என் மருத்துவர்களை அனுப்புகிறேன் என்கிறார். பெரிய போர்க்காட்சிகள் பலவற்றையும்விட அந்த ஒரு நிமிடம் கனமானது.

அடுத்து சிரிய நடிகர் கசான் மசூத். சலாஹுத்தீன் குரலை உயர்த்துவதே இல்லை. மூன்றாவதாக முற்றுகை, அதைப் பற்றிப் பின்னால் பேசலாம். ஜான் மேதீசனின் ஒளிப்பதிவும் உண்டு: பிரான்சுப் பகுதி முழுவதும் நீலம் பூத்த குளிர், கடல் தாண்டியதும் புழுதியும் வெயிலும்.

பலவீனம் நடுவில் இருக்கிறது. பேலியன்தான். ஆர்லாண்டோ புளூமை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை, எழுத்திலேயே அந்த ஆளுக்கு ஆசை, கோபம், பயம் எதுவும் இல்லை. மனசாட்சி மட்டும் இருக்கிறது, அதுவும் இருபத்தொன்றாம் நூற்றாண்டின் மனசாட்சி. சுற்றியுள்ள எல்லோரும் பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழும்போது இவன் ஒருவன் மட்டும் செய்தித்தாளின் தலையங்கம் படித்துவிட்டு வந்தவன்போல் பேசுகிறான். நீண்ட படத்தில் ராணி உயிர் பெற்றுவிட்டாள். இவன் மட்டும் அப்படியே இருக்கிறான்.

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

பால்கனி டிக்கெட்:

போர்ப்படம் என்று போனேன். சலாஹுத்தீனிடம் சிலுவைப் படை தோற்ற ஹத்தின் போர்தான் கதையின் திருப்புமுனை. படை புறப்படுகிறது, அடுத்த காட்சியில் பிணங்களும் கழுகுகளும். போர் எங்கே? டிக்கெட் காசில் பாதியைத் திருப்பித் தரவேண்டும்.

நாஞ்சில் கிழவர்:

தம்பி வேலன், கொல்லன் கதையை எந்த ஏட்டில் எடுத்தார்கள் என்று நானும் தேடிப் பார்த்துவிட்டேன். இபெலின் பேலியன் கொல்லனும் இல்லை, பிரான்சிலிருந்து வந்தவனும் இல்லை. அந்த மண்ணிலேயே பிறந்த பிரபு. தந்தை பெயர் பாரிசன். படத்தில் தந்தையாக லியாம் நீசன் நடித்த காட்ஃப்ரே கற்பனைப் பாத்திரம். இபெலின் என்ற ஊர் யாஃபாவுக்கும் அஸ்கலானுக்கும் நடுவே, கடற்கரையை ஒட்டிய சமவெளியில் இருந்தது. படத்தில் அதைப் பொட்டல்காடாக்கி, கதாநாயகனைக் கிணறு வெட்ட வைத்திருக்கிறார்கள்.

இதையெல்லாம்கூட மன்னித்துவிடலாம். பேலியனுக்கும் பால்ட்வினின் சகோதரி ராணி சிபில்லாவுக்கும் படத்தில் வரும் காதலைத்தான் மன்னிக்க முடியவில்லை. உண்மையான பேலியனின் மனைவி மரியா கொம்னேனா. அவள் யார்? பால்ட்வினின் தந்தை அமால்ரிக் மன்னனின் இரண்டாம் மனைவி, அவன் இறந்த பிறகு பேலியனை மணந்தவள். அதாவது பால்ட்வினுக்கும் சிபில்லாவுக்கும் சிற்றன்னை. சிற்றன்னையின் கணவன் முறைக்கு என்ன ஆக வேண்டும்? சித்தப்பா! சித்தப்பாவையும் மகளையும் ஜோடி சேர்த்துவிட்டார்கள். நம் ஊரில் எடுத்திருந்தால் திரையைக் கிழித்திருப்பார்கள். சிபில்லாவை மணக்க ஆசைப்பட்டவன் பேலியனின் அண்ணன். அவன் பெயரும் பால்ட்வின்தான், குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இவ்வளவையும் மாற்றிவிட்டு, உண்மையிலேயே நடந்த அருமையான ஒன்றை விட்டுவிட்டார்கள். ஹத்தினில் தப்பிய பேலியன், ஜெருசலேமில் மாட்டிக்கொண்ட மனைவி மக்களை அழைத்துவர சலாஹுத்தீனிடம் அனுமதி கேட்டான். ஆயுதம் எடுக்கக்கூடாது, ஓர் இரவுக்கு மேல் தங்கக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு சுல்தான் விட்டார். உள்ளே போனதும் ஊரே காலைப் பிடித்தது, போகாதே என்று. அவன் சுல்தானுக்கே ஆள் அனுப்பி, சத்தியத்தைக் காப்பாற்ற முடியவில்லை என்று சொன்னான். சுல்தான் கோபப்படவில்லை. சத்தியத்திலிருந்து விடுவித்ததோடு, அவன் மனைவியைப் பத்திரமாக வெளியே கொண்டுபோய்ச் சேர்க்கத் துணைக்கு ஆளும் கொடுத்தார். அதன் பிறகுதான் இருவரும் மதிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று போரிட்டார்கள். இதைவிட நல்ல காட்சியை எந்தக் கதாசிரியன் எழுதிவிடப் போகிறான்?

மூவியோலா:

படத்தொகுப்பு அறையில் வயிறு வளர்க்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். இந்தப் படத்தில் வெட்டப்பட்டவை பெரும்பாலும் காட்சிகள் அல்ல, காரணங்கள்.

தொடக்கத்தில் பேலியன் ஒரு பாதிரியாரைக் கொல்கிறான். தியேட்டருக்கு வந்த குறுகிய படத்தில் அவர் யாரோ ஒரு கெட்ட பாதிரியார். நீண்ட படத்தில் அவர் பேலியனின் சகோதரன். கொலையின் எடையே மாறிவிடுகிறது. குறுகிய படத்தில், ஒரு கிராமத்துக் கொல்லனுக்கு முற்றுகையை எதிர்க்கும் வித்தை எப்படித் தெரிந்தது என்று கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். நீண்ட படத்தில் அவன் ஏற்கெனவே போருக்குப் போனவன், போர்ப்பொறிகள் செய்யத் தெரிந்தவன் என்று தெளிவாகவே வருகிறது. ஓரிரு வசனம்தான். அதையும் எடுத்துவிட்டார்கள்.

அதனால்தான் குறுகிய படம் நீளமாகத் தோன்றியது. ஏன் என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருப்பதுபோல் அலுப்பு வேறில்லை. நீண்ட படம் எனக்கு விரைவாகவே ஓடியது.

ஆனால் திரும்பச் சேர்த்த எல்லாவற்றுக்கும் நான் கைதட்ட மாட்டேன். நகரம் சரணடைந்த பிறகு சிபில்லாவின் கணவன் கை லுசிஞ்ஞனோடு ('கை' என்பது அவன் பெயர், Guy) பேலியன் வாள்சண்டை போடுகிறானே, அது எதற்கு? நகரமே போய்விட்டது, வில்லனை இன்னும் அடிக்கவில்லையே என்று யாரோ நினைவுபடுத்தியதுபோல் இருக்கிறது. என் மேசைக்கு வந்திருந்தால் அன்றைக்கே போயிருக்கும்.

காயல் அலை:

எங்கள் பக்கத்தில் சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபி சினிமாவில் அறிமுகமானவர் அல்ல. ஓதும் பள்ளியிலேயே கேட்ட பெயர். பைத்துல் முகத்தஸை, அதாவது ஜெருசலேமை, அவர் மீட்டது 1187 அக்டோபர் 2. ஹிஜ்ரிக் கணக்கில் 583 ரஜப் 27, நபிகள் விண்ணுலகம் சென்ற மிஃராஜ் நாள். அதை எங்கள் உஸ்தாத் சொல்லும்போது குரல் மாறும். படத்தில் அந்த நாளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஹாலிவுட்டிடம் அதை எதிர்பார்ப்பது அதிகம்தான்.

ஆனால் ஹாலிவுட்டிடம் எதிர்பார்க்காத ஒன்று கிடைத்தது. நகரத்துக்குள் நுழைந்த சுல்தான், தரையில் விழுந்து கிடக்கும் சிலுவையை எடுத்து மேசைமேல் நிமிர்த்தி வைக்கிறார். வசனம் கிடையாது. பெய்ரூட் தியேட்டரில் அந்தக் காட்சிக்கு மக்கள் எழுந்து கைதட்டியதாகப் பத்திரிகையாளர் ராபர்ட் ஃபிஸ்க் எழுதினார். நான் வீட்டில் பார்த்தேன், கைதட்டவில்லை, கண்தான் கலங்கியது.

இனி குறை. படத்தில் சுல்தான் எல்லோரையும் சும்மா போகவிடுகிறார். உண்மையில் மீட்புத்தொகை இருந்தது: ஆணுக்கு 10 தினார், பெண்ணுக்கு 5. ஏழைகள் ஏழாயிரம் பேருக்கு மொத்தமாக 30,000 தினார் பேசி முடித்தார்கள். அதற்குப் பிறகும் கட்ட முடியாத பல ஆயிரம் பேர் அடிமைகளானார்கள். சுல்தானின் தம்பி அல்-ஆதில் ஆயிரம் பேரைத் தனக்குப் பரிசாகக் கேட்டு வாங்கி அங்கேயே விடுவித்தார். 1099-இல் சிலுவைப் படை இதே நகரத்தைப் பிடித்தபோது ஓடிய ரத்தத்தோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். அப்படியிருக்க உண்மையையே காட்டியிருக்கலாமே. தம்பி கெஞ்சுவதும் அண்ணன் இணங்குவதும் படத்தில் வந்திருந்தால் மனிதர்களாகத் தெரிந்திருப்பார்கள். எங்கள் சுல்தானுக்குச் சர்க்கரைப் பாகு ஊற்ற வேண்டிய அவசியம் இல்லை. அவர் இறந்தபோது கருவூலத்தில் 47 திர்ஹமும் ஒரு பொற்காசும்தான் இருந்தன என்று கூடவே இருந்த பஹாவுத்தீன் எழுதி வைத்திருக்கிறார். அது போதும்.

வெண்திரை வேலன்:

நாஞ்சில் ஐயா, சித்தப்பா முறை எனக்குத் தோன்றவே இல்லை. இனி அந்தக் காதல் காட்சியை எப்படிப் பார்ப்பேன்?

பால்கனி நண்பருக்கு ஒரு மறுப்பு. ஹத்தினைக் காட்டாமல் விட்டது சரி என்றே நினைக்கிறேன். அந்தப் போருக்குப் போகக்கூடாது என்று பேலியனும் ஜெருசலேமின் படைத்தலைவன் டைபீரியஸும் வாதாடித் தோற்றுவிட்டார்கள். முடிவு நமக்குத் தெரியும். பிணக்காட்டை மட்டும் காட்டினால் போதும், கற்பனை மீதியைச் செய்துகொள்ளும். இன்னொரு போர்க்காட்சி இருந்தால் முற்றுகையின் பலமும் குறைந்துவிடும்.

நாஞ்சில் கிழவர்:

தம்பி, இங்கே நீங்கள் தப்பு. பால்கனி சொல்வதுதான் சரி, அவர் சொல்லும் காரணம் மட்டும் வேறு.

ஹத்தினை வாள்சண்டை என்று நினைக்கிறீர்கள். அது தாகம். சஃபூரியா ஊற்றுகளின் அருகே படை நிம்மதியாக இறங்கியிருந்தது. அங்கிருந்து டைபீரியஸ் என்ற ஊர் ஒரு நாள் நடை. இடையில் தண்ணீர் போதாது. மாதம் ஜூலை. இரும்புச் சட்டை, குதிரைகள், ஆயிரக்கணக்கான காலாள். நடுவழியில் தங்க நேர்ந்த இரவில் ஒரு வாய் தண்ணீர் இல்லை. சுல்தானின் ஆட்கள் காய்ந்த புல்லுக்குத் தீ வைத்தார்கள், புகை காற்றோடு முகத்தில் அடித்தது. விடிந்தால் ஜூலை 4. கொம்புபோல் இரண்டு முகடுள்ள குன்று, அப்பால் கீழே கலிலேயக் கடல், ஏரி நிறைய நன்னீர். கண்ணுக்குத் தெரியும் தூரம்தான், போக முடியாது. காலாட்படை வரிசையை உடைத்துக்கொண்டு குன்றின்மேல் ஏறியது, அதோடு கதை முடிந்தது.

இப்போது படத்தை நினைத்துப் பாருங்கள். தொடக்கத்தில் பேலியன் இபெலினில் கிணறு வெட்டுகிறான், தண்ணீர் பொங்குகிறது, ஊர் கூத்தாடுகிறது. பின்னால் சுல்தானின் கூடாரத்தில் பனிக்கட்டி மிதக்கும் குவளை வருகிறது. கிணறும் கையில் இருக்கிறது, குவளையும் கையில் இருக்கிறது, நடுவில் கோக்க வேண்டிய தாகத்தை மட்டும் காணோம். ஹத்தினைக் காட்டியிருந்தால் முழுப் படமும் தண்ணீரைப் பற்றிய படமாகியிருக்கும். கிணற்றை நான் மேலே திட்டினேன். அந்த ஒரு காரணத்துக்காக அதையும் மன்னித்திருப்பேன்.

காயல் அலை:

அல்லாஹ், ஐயா சொன்னதைப் படித்ததும் குவளைக் காட்சியை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். தோற்றுப்போன கை மன்னனிடம் சுல்தான் குவளையைக் கொடுக்கிறார். அவன் அதைக் கூடவே பிடிபட்ட பிரபு ரெய்னால்டிடம் தள்ளுகிறான். ரெய்னால்ட் குடிக்கிறான். குவளையை நான் உனக்குக் கொடுக்கவில்லை என்கிறார் சுல்தான். இது நம் வரலாற்று ஆசிரியர்கள் எழுதியபடியே ஏறக்குறைய வந்திருக்கிறது. கைதிக்கு உணவோ நீரோ கொடுத்தால் அவன் உயிருக்குப் பாதுகாப்புக் கொடுத்ததாகப் பொருள். பயணக் கூட்டங்களைக் கொள்ளையடித்தவனுக்கு அந்தப் பாதுகாப்பைத் தர சுல்தானுக்கு மனமில்லை. தெரிந்தவனுக்கு அந்த ஒரு வசனத்தில் வழக்கமும் தீர்ப்பும் சேர்ந்தே கேட்கும். தெரியாதவனுக்கு வெறும் மிரட்டல். முந்தைய நாள் தாகத்தைக் காட்டியிருந்தால் தெரியாதவனுக்கும் பாதி புரிந்திருக்கும்.

வெண்திரை வேலன்:

தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். ஹத்தின் வேண்டும்.

பால்கனி டிக்கெட்:

அப்படியானால் என் பாதிக் காசு?

தாமிரபரணிக்காரி:

நான்கு ஆண்கள் சிபில்லாவின் முடியையும் காதலையும் பேசிவிட்டீர்கள். அவள் அறிவைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

நீண்ட படத்தில் அவள் பகுதி மிகவும் நல்லது, மறுக்கவில்லை. மாமனின் நோய் மகனுக்கும் வந்துவிட்டது. சூடு பட்டும் அந்தப் பிஞ்சுக் கைக்கு உணர்வில்லை. இன்னொரு முகமூடி செய்வதற்கு முன்னால் அவளே மகனின் உயிரை முடித்துவிடுகிறாள். ஈவா கிரீன் அந்தக் காட்சியில் அழுது தீர்க்காமல் தாலாட்டுவதுபோல் நடித்திருப்பதுதான் நெஞ்சைப் பிசைகிறது. ஐந்தாம் பால்ட்வின் என்ற அந்தச் சிறுவன் உண்மையிலேயே இருந்தான், 1186-இல் இறந்தான். தொழுநோயும் விஷமும் படத்தின் கற்பனை.

ஆனால் உண்மைச் சிபில்லா செய்ததை எடுத்திருந்தால் தியேட்டரே எழுந்து நின்றிருக்கும். மகன் இறந்த பிறகு பிரபுக்கள் அவளுக்கு ஒரு நிபந்தனை வைத்தார்கள்: கையை விவாகரத்துச் செய், மகுடம் தருகிறோம். அவள் சம்மதித்தாள். அடுத்த கணவனை நானே தேர்ந்தெடுப்பேன் என்று மட்டும் கேட்டாள். அதற்கென்ன என்றார்கள். மகுடம் தலைக்கு வந்தது. புதுக் கணவனாக யாரைத் தேர்ந்தெடுக்கிறாய் என்றபோது, அதே கையைக் கூப்பிட்டு அவன் தலையில் இன்னொரு மகுடத்தை வைத்தாள்! படத்தில் கை அவளுக்குப் பிடிக்காத கணவன். வரலாற்றில் சபையே எதிர்த்தபோதும் அவனை விட்டுக்கொடுக்காதவள் அவள். அவன் அதற்குத் தகுதியானவனா என்பது வேறு கேள்வி.

கடைசியில் அவளைப் பேலியனோடு பிரான்சுக்கு அனுப்பி வைக்கிறார்கள். உண்மையில் அவள் 1190-இல் ஏக்கர் (Acre) நகர முற்றுகைப் பாசறையில் நோயில் இறந்தாள்.

கதாநாயகனைப் பற்றி வேலன் சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். சாகப்போகும் பால்ட்வின் அவனிடம் கேட்கிறான்: கையை ஒழித்துவிட்டு என் சகோதரியை உனக்குத் தந்தால் நாட்டைக் காப்பாயா? இவன் மாட்டேன் என்கிறான், மனசாட்சி இடம் தரவில்லையாம். அந்த மறுப்பால்தான் கை அரசனாகிறான், ஹத்தினில் ஒரு படையே அழிகிறது. ஒருநாள் நீ இதற்கு வருந்துவாய் என்று சிபில்லா எச்சரிக்கவும் செய்கிறாள். சரி, வருந்துகிறானா? ஒரு காட்சியில்கூட இல்லை. அந்தக் குற்ற உணர்ச்சியைக் கொடுத்திருந்தால் புளூமுக்கு நடிக்க ஏதாவது கிடைத்திருக்கும்.

இன்னொரு சின்ன விஷயம். தலைப்பைக் கேட்டதும் எனக்குள் ஒலித்தது மத்தேயு சுவிசேஷத்தின் 'பரலோகராஜ்யம்'. படத்தில் அது நல்லாட்சி நடக்கும் நாடு, எல்லா மதத்தாரும் சேர்ந்து வாழும் இடம் என்று ஆகிவிடுகிறது. எங்கள் ஆலயத்து உபதேசியார் பார்த்திருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இதையே பேசியிருப்பார்.

நாஞ்சில் கிழவர்:

மகளே, மகுடக் கதையை எழுதியதற்கு நன்றி. நான் மறந்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

கல்லுமிழ்கவண்:

முற்றுகையைப் பின்னால் பேசலாம் என்ற வேலன் மறந்துவிட்டார். நான் கட்டடப் பொறியாளன், என் பெயரைப் பார்த்தாலே தெரியும். சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டையின் பொறிகளை அடுக்கும்போது 'கல்லுமிழ் கவணும்' என்று வரும். அதைப் படித்த நாளிலிருந்து அந்தப் பொறி வேலை செய்வதை ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசை. இந்தப் படத்தில் தீர்ந்தது.

மொராக்கோவில் ஊர்சசாத் பக்கம் ஜெருசலேமின் மதிலை உண்மையாகவே எழுப்பினார்கள். எதிரெடை வைத்த பெரிய கவண்களை முழு அளவில் செய்தார்கள். அதனால் மரச்சட்டம் முறுக்குவதும் கயிறு விரைப்பதும் எடை இறங்கும்போது மொத்தப் பொறியும் ஆடுவதும் கணினிப் படம்போல் இல்லை. பேலியன் மதிலுக்கு வெளியே தூரத்தை அளந்து குறி வைக்கச் சொல்கிறான். வீரமாகப் பேசுவதற்கு முன்னால் வேலை செய்கிறான். என்னைப் பொறுத்தவரை அவன் உயிரோடு தெரிவது அங்கேதான். முற்றுகைக் கோபுரங்களில் கொக்கி பாய்ச்சி எடைகளைத் தள்ளிவிட்டுச் சாய்க்கும் காட்சியை நான் நான்கு முறை பார்த்தேன். மேலிருந்து எடுத்த இடிபாட்டுச் சண்டையில் இரண்டு பக்கமும் நெருக்கியடித்து யார் யார் என்றே தெரியாமல் போகிறது, அதுவும் சரி.

குறை: உண்மையில் சலாஹுத்தீன் முதலில் மேற்குப் பக்கம் தாக்கிப் பார்த்துவிட்டு, நடக்காததால் பாசறையை வடக்குக்கு மாற்றினார். மதிலுக்கு அடியில் சுரங்கம் தோண்டித்தான் உடைப்பு விழுந்தது. சுரங்கக்காரர்களைப் படம் எடுப்பதில் யாருக்குமே ஆர்வமில்லை. மண்வெட்டிக்குத் திரையில் மரியாதை கிடையாது.

மூவியோலா:

இசை பற்றி ஒருவரும் பேசவில்லை. ஹாரி கிரெக்சன்-வில்லியம்ஸ் நன்றாகவே செய்திருக்கிறார். ஆனால் மக்களை எல்லாம் மாவீரர்களாக்கும் காட்சியில் ஒலிப்பது ஜெர்ரி கோல்ட்ஸ்மித் வேறொரு படத்துக்கு எழுதியது. பால்ட்வினின் சாவுப் பகுதியில் வருவதும் ஸ்காட்டின் பழைய படம் ஒன்றிலிருந்து எடுத்த பாட்டு. தற்காலிகமாக ஒட்டிய இசை நிரந்தரமாகிவிடுவது எங்கள் தொழிலில் வழக்கம். பொருந்தியிருக்கிறது, அதுதான் எரிச்சல்.

பால்கனி டிக்கெட்:

194 நிமிடத்துக்கு உட்கார முடியுமா?

மூவியோலா:

முன்னிசையும் இடைவேளையும் சேர்த்த ஒரு பதிப்பும் உண்டு. மூன்று மணி நேரப் படமும் நடுவில் முறுக்கும் காபியும் உங்களுக்குப் புதிதா என்ன?

காயல் அலை:

நேற்று இரவு வாப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். அவர் சினிமா பார்ப்பதில்லை, சுல்தான் என்றதும் உட்கார்ந்தார். மொழி புரியாததால் நானே நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். போர்க்காட்சிகளில் தூங்கிவிட்டார். சிலுவையை எடுத்து வைக்கும் இடத்தில் எழுப்பினேன். பார்த்தார், தலையாட்டினார், "அப்படித்தான் செய்திருப்பார்" என்றார். பிறகு கெராக்குக்குத் திரும்பப் போகச் சொன்னார். முகமூடி போட்ட ராஜாவையே பார்த்துக்கொண்டிருந்தார். படுக்கப் போகும்போது கேட்டார்:

"சுல்தான் மருத்துவரை அனுப்புகிறேன் என்றாரே, அவர் போய்ச் சேர்ந்தாரா?"

வேலன், நீங்கள் போன வாரம்தானே பார்த்தீர்கள். என்ன சொல்லட்டும்?